ஓய்வு நாளின் வேலைகள்

சுவிட்சர்லாந்துக்கு வழிகாட்டியோடு குழுவாகப் போகிறவர்களின் நிகழ்ச்சி நிரலில், "இன்டர்லாகனில் ஓய்வு நாள், விருப்பம்போல் சுற்றலாம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியால், எந்தப் பயண அட்டை லாபம் என்ற கணக்கிலேயே மூன்று மாதம் முன்பே ஓய்வு போய்விடுகிறது.

சுவிஸ் டிராவல் பாஸ் கையிலிருந்தால் ரயில், பஸ், படகுக்கு டிக்கெட் வேண்டாம். ஆனால் குறைந்தது 3 நாளுக்கு வாங்க வேண்டும். சுற்றக் கிடைப்பதோ ஒரே நாள். மீதி நாட்களில் குழுவின் சொகுசுப் பேருந்தில் அமர்ந்தபடி, நாம் காசு கட்டிய ரயில்களுக்கு ஜன்னல் வழியே கையசைக்கலாம்.

சரி, 3,454 மீட்டர் உயரத்து யுங்ஃபிராவ்யோக் நிலையத்துக்காவது உதவுமா? கிரிண்டல்வால்டு, வெங்கன் வரைதான் இலவசம். அதற்குமேல் 25 சதவீதத் தள்ளுபடி. யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத அரைக்கட்டண அட்டையோ பாதி விலையில் உச்சிக்கே ஏற்றிவிடும்.

குழுவில் எப்படியும் ஒரு கணக்குப்புலி இருப்பார். பாஸ்களை எக்செல்லில் அடுக்கி, 11 ஃபிராங்க் மிச்சம் என்று நிரூபித்துவிட்டு, அந்த வெற்றியை 14 ஃபிராங்க் காபியோடும் கேக்கோடும் கொண்டாடுவார். (மேகத்துக்கு அந்த அட்டவணையில் கட்டம் கிடையாது.) முந்தின இரவு வழிகாட்டி, "கூடுதல் கட்டணத்தில் நாளை யுங்ஃபிராவ், யார் யார் வருகிறீர்கள்?" என்பார். முதல் கை அந்தக் கணக்குப்புலியுடையதாக இருக்கும்.

இன்டர்லாகனில் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்குத் தரும் விருந்தினர் அட்டையிலேயே உள்ளூர் பஸ் இலவசம். மலைக்கு என்றால், காலையில் சிகரத்தின் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.