போகலாமாக்காரர்

பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களில் ஏதாவது ஒன்றின் கேன்டீனுக்கு மதியம் ஒன்றே காலுக்குப் போனால் இவரைப் பார்க்கலாம். வயது 34. பெண்ணுக்கு நாலு வயது, பையனுக்கு எட்டு மாதம். தயிர்சாத டப்பாவைத் திறக்கும் முன் போனைத் திறப்பார். அதில் சென்னைக்குக் கீழே வின்னிபெக், எட்மண்டன், டொரன்டோ என்று மூன்று ஊர்களின் வெப்பநிலை காத்திருக்கும். “இன்னிக்கு வின்னிபெக் மைனஸ் இருபத்தாறு” என்று அறிவிப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குடும்பத்தோடு கனடா போகலாமா என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கும் இவருக்குப் போகலாமாக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ‘போகிறேன்’ என்றவர் போய்விட்டார், அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ‘போகமாட்டேன்’ என்றவர் மேடவாக்கம் பக்கம் மனை வாங்கிப் பட்டாவுக்கு அலைந்துகொண்டிருக்கிறார். மிச்சம் இருப்பவர் இவர்தான்.

குளிரைப் பற்றி இவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. மைனஸ் 40 வந்தால் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும் என்பார். வின்னிபெக்கில் பெட்ரோல் காருக்கும் ராத்திரி வயர் குத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் கிளம்பாது என்பார். கால்கரியில் தெருவுக்கு மேலே பதினைந்து அடி உயரத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் மூடிய பாலம், டொரன்டோவில் பூமிக்கு அடியில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை என்று டவுன்டவுன் வரைபடமே மனப்பாடம். இவ்வளவும் பனியைக் கண்ணால் காணாமல் சேர்த்த ஞானம். அவர் நேரில் பார்த்த பனி வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறது. அதில் மாட்டிக்கொண்ட பட்டாணிப் பாக்கெட்டை வெளியே எடுக்கக் கரண்டிக் காம்பால் குத்துவார்.

என் கட்சி என்னவென்றால், போகலாமாக்காரர் குளிருக்குப் பயப்படவே இல்லை. குளிர் அவருக்கு ஒரு சௌகரியம். நம்பாதவர்கள் மே மாதத்தில் அவர் படுக்கையறையை எட்டிப் பார்க்கலாம். வெளியே 40 டிகிரி. உள்ளே ஏ.சி. 18இல் உறுமும், மேலே கல்யாணத்துக்கு வந்த கனத்த கம்பளி. கனடா வீடுகளில் குளிர்காலத்து ஹீட்டரை 20, 21இல் வைப்பது வழக்கம். ஆகவே ஜனவரி மாத வின்னிபெக்கில் அவர் மே மாதச் சென்னையைவிட இரண்டு மூன்று டிகிரி கதகதப்பாகத்தான் தூங்குவார். இதே மனிதர் மார்கழியில் வெப்பநிலை 20ஐத் தொட்டதும் மங்கி குல்லா போட்டுக்கொண்டு பால் பாக்கெட் எடுக்க வருகிறாரே என்று மடக்கலாம். மங்கி குல்லா குளிருக்காகப் போடுவதா என்ன? வருடத்தில் பத்து நாள்தான் அதற்கு வாய்ப்பு கிடைக்கிறது, விட முடியுமா?

“வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடியுமா, வெளியே போக வேண்டாமா?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. வின்னிபெக்கின் ஜனவரி இரவு சராசரியாக மைனஸ் 20ஐ ஒட்டியே இருக்கும். காற்றும் சேர்ந்து உடம்புக்கு மைனஸ் 28க்குக் கீழே உறைத்தால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடா வானிலைத் துறை எச்சரிக்கிறது. விளையாட்டில்லைதான். ஆனால் அங்கே நாலு வயதுக் குழந்தையைக் காலையில் கிளப்பும் காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். முதலில் உடம்போடு ஒட்டும் தெர்மல். அதன்மேல் சாதாரண உடுப்பு, தோள்பட்டை வார் வைத்த பனிக் கால்சட்டை, ஜாக்கெட், கழுத்துக்கு ஒரு குழாய்த் துணி, குல்லா, பூட்ஸ். பூட்ஸ் கால் மாறியிருக்கும், கழற்றி மாட்ட வேண்டும். கடைசியில் கையுறை. கட்டைவிரல் மட்டும் தன் அறைக்குள் போகாமல் மற்ற நாலு விரலோடு குடித்தனம் செய்யும். பதினைந்து நிமிடம் கழித்து, இரண்டு கையும் மடங்காமல் கொலுப் பொம்மை மாதிரி நிற்கும் குழந்தை “உச்சா” என்று சொல்லும். மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பிறகு காரில் ஏற்றினால், தடித்த ஜாக்கெட்டோடு குழந்தை இருக்கையின் பெல்ட் சரியாகப் பிடிக்காது என்பதால் அந்த ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்கிறது பாதுகாப்பு விதி. இதில் ஆபத்தைவிட அலுப்புதான் அதிகம். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. அலுப்புக்கு ஒரு பாட்டி வேண்டும், பாட்டி மயிலாப்பூரில் இருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

அடுத்து அவர் எடுப்பது பிஞ்சுக் குழந்தைகளுக்குச் சளி பிடிக்கும் என்ற அஸ்திரம். சளி கிருமியால் வருவது. எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் மூச்சுவிடும்போது பரவுவது. பின்லாந்திலும் டென்மார்க்கிலும் கைக்குழந்தையை நன்றாகப் போர்த்தித் தள்ளுவண்டியோடு வெளியில் விட்டுத் தூங்கப் பண்ணுகிறார்கள். வெயில் இல்லாமல் எலும்பு என்ன ஆவது என்றால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு கொடுக்கச் சொல்கிறது கனடா சுகாதாரத் துறை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் சென்னையிலும் குழந்தை டாக்டர் எழுதிக் கொடுப்பது அதே 400 யூனிட்தான். இருட்டு ஒன்றில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு. டிசம்பர் கடைசியில் வின்னிபெக் சூரியன் காலை எட்டே காலுக்கு மேல் எழுந்து மாலை நாலே முக்காலுக்குள் கடையைக் கட்டிவிடும். மனசை அமுக்கத்தான் செய்யும். என்றாலும் ஏழு மணிக்கு கேப் ஏறி, திரை இழுத்துவிட்ட ஹாலில் பகலெல்லாம் உட்கார்ந்து, ராத்திரி எட்டரைக்கு வீடு திரும்புகிறவர் இங்கே சூரியனை எந்தக் கிழமையில் பார்த்தார் என்றும் சொல்ல வேண்டும்.

குளிர்தான் ஆளை விரட்டுகிறது என்றால் அது கணக்கில் தெரிய வேண்டும். கனடா புள்ளியியல் துறை 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 1982க்கும் 2017க்கும் இடையில் வந்து குடியேறியவர்களில் 17.5 சதவீதம் பேர் இருபது ஆண்டுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். அப்படிக் கிளம்புவதில் முன்வரிசையில் இருப்பவர்கள் யார்? அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் பிறந்தவர்கள் அதில் உண்டு. பனிமனிதன் செய்து விளையாடி வளர்ந்த கூட்டம். அதே சமயம், 1960களின் கடைசியில் வின்னிபெக் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்க வந்த பிலிப்பைன்ஸ் நாட்டவர் பனி என்றால் என்னவென்றே அறியாதவர்கள். இன்று அந்த ஊரின் பெரிய சமூகங்களில் ஒன்று அவர்களுடையது. அமெரிக்கருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் திரும்பிப் போக நல்ல இடம் இருக்கிறது, அதனால் போகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதைத்தான் சொல்கிறேன். இருப்பதையும் போவதையும் தீர்மானிப்பவை வேலை, வாசல், வீட்டு மனிதர்கள். தெர்மாமீட்டருக்கு அதில் பங்கு குறைவு.

பின் ஏன் அவர் மைனஸ் 26ஐயே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்? அது ஓர் எண். எண்ணைச் சத்தமாகச் சொல்லலாம், கேன்டீனில் நாலு பேருக்கு நடுவே சொல்லலாம். மற்றவை அப்படி இல்லை. அவர் மனைவி பல் டாக்டர் என்று வைத்துக்கொள்வோம். கனடாவில் தேசியப் பல் மருத்துவத் தேர்வு வாரியத்தின் தேர்வுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, உரிமம் கைக்கு வரும்வரை அந்த அம்மாள் ஒரு கடைவாய்ப் பல்லைக்கூடத் தொட முடியாது. “உன் தொழிலை நிறுத்திவிட்டு வருகிறாயா?” என்று அவர் இன்னும் கேட்கவில்லை. “ரொம்பக் குளிருமாமே” என்கிறார். இங்கே பதினோரு பேர் அவரை லீட் என்கிறார்கள். அங்கே கனடா அனுபவம் உண்டா என்பார்கள். வேலை விளம்பரத்தில் அப்படிக் கேட்கக் கூடாதென்று ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல் சட்டம் வந்துவிட்டது; ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் புருவத்துக்குச் சட்டம் கிடையாது. அம்மாவோ, “போறதுன்னா போப்பா, எங்களப் பத்தி யோசிக்காத” என்று சொல்லிவிட்டாள். தமிழில் ஒரு மகனை இதைவிட அதிகமாக யோசிக்கவைக்கும் வாக்கியம் இன்னும் உண்டாகவில்லை. சூப்பர் விசாவில் பெற்றோர் ஒரே மூச்சில் ஐந்து வருடம்வரை தங்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அப்பா தெருமுனை டீக்கடையைவிட்டு ஐந்து நாள் இருக்க மாட்டார் என்பதும் தெரியும். பாட்டிக்குத் திரும்பி வருவோம் என்றேனே, இதுதான் அது.

சின்னக் குழந்தைகளை வைத்திருப்பவன் நிதானமாக யோசிப்பது தப்பா என்று அவர் சார்பில் யாராவது கேட்பீர்கள். தப்பில்லை. ஆனால் நிதானத்துக்கும் வாடகை உண்டு. குடியேற விண்ணப்பிப்பவர்களுக்குப் புள்ளி போட்டு வரிசைப்படுத்த 2015இல் கனடா தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், துணைவரோடு விண்ணப்பிப்பவருக்கு 29 வயதுவரை வயதுக்கு மட்டும் 100 புள்ளி. பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்து கழியும், 40ஐத் தாண்டினால் இன்னும் வேகமாகக் கழியும், 45இல் பூஜ்யம். மனைவி கேக் வெட்டச் சொல்லும்போது அவர் முகம் ஏன் தொங்குகிறது என்பது மாமியாருக்குப் புரிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இன்ஜினீயரிங் கட்-ஆஃபுக்குக் காத்திருந்தவர், பதினேழு வருடம் கழித்து மறுபடியும் கட்-ஆஃபுக்குக் காத்திருக்கிறார். இந்த முறை உட்கார்ந்திருக்கும்போதே மார்க் குறைகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு முடிவுக்கு இரண்டு வருடம்தான் ஆயுசு, போட்ட ப்ரொஃபைலுக்குப் பன்னிரண்டு மாதம், பட்டப்படிப்பு மதிப்பீட்டுக்கு ஐந்து வருடம். காய்கறிக் கூடையில் கீரை முதலில் வாடுவது போல ஒவ்வொன்றாக வாடுகின்றன. அவர் முடிவெடுக்கவில்லை என்பது சரியல்ல. அவருக்காகத் தேதிகள் முடிவெடுத்துக்கொண்டிருக்கின்றன, அவர் வெப்பநிலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்கள் தைரியம் சொல்லும்போது, “இலங்கைத் தமிழர்கள் அந்தக் குளிர்ல இருக்கலையா?” என்பது வழக்கம். இருக்கிறார்கள். தமிழ் மரபுத் திங்கள் என்று கனடா நாடாளுமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்டதும் நடுங்கவைக்கும் ஜனவரியைத்தான். ஆனால் அவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது மரியாதையில்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்கள் எவரும் புறப்படும் முன் எட்மண்டன் வெப்பநிலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். போகலாமா என்று கேட்பதே ஒரு வசதி. அந்த வசதி போகலாமாக்காரருக்கு இருக்கிறது, இருக்கட்டும்.

“அப்போ போகச் சொல்றீங்களா?” என்று கேட்டால், இல்லை. இருக்கவும் சொல்லவில்லை. அம்மாவுக்காக இருந்துவிட்டேன் என்றாலும், மகளுக்காகக் கிளம்பிவிட்டேன் என்றாலும் இரண்டுமே கௌரவமான காரணங்கள்தான். மைனஸ் 26 மட்டும் காரணமில்லை. உங்கள் அலுவலகத்திலும் ஒரு போகலாமாக்காரர் இருப்பார். நாளை மதியம் அவர் போனை நீட்டி வின்னிபெக் நிலவரம் சொல்லும்போது தயவுசெய்து “அய்யய்யோ” என்று வாயைப் பிளக்காதீர்கள். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.