பயமறியாச் சித்தப்பா

பேய்ப்படம் என்று பேச்செடுத்தாலே சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "கேமராக்காரன், லைட்டுக்காரன், டீ கொடுக்கிற பையன்னு அம்பது பேர் சுத்தி நிக்க எடுத்த படத்துக்கு எவனாவது பயப்படுவானாடா?" உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பெரியப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம், வசனம் மாறாது.

அவரோடு 'தி கான்ஜுரிங்' பார்க்கச் சில ஏற்பாடுகள் வேண்டும். பகலில்தான் பார்க்க வேண்டும். கூடத்து விளக்கு எரிய வேண்டும், இருட்டில் டி.வி. பார்த்தால் கண் கெட்டுவிடுமாம். ரிமோட் அவர் கையில். நாற்காலி சுவரை ஒட்டி. முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் இடம்கூட இருக்கக் கூடாது.

அப்புறம் தகவல்கள் ஆரம்பிக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு அம்மா மகளைத் தேடுகிறாள். கைதட்டல் கேட்ட பக்கம் தடவித் தடவிப் போகிறாள். அலமாரிக் கதவு மெல்லத் திறக்கிறது. வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா தொண்டையைச் செருமுவார். "இந்த டைரக்டர் ஜேம்ஸ் வான் மலேசியாவுல பொறந்தவன், தெரியுமா?" அலமாரிக்குள்ளிருந்து இரண்டு கைகள் நீள்கின்றன. "படத்துல வர்ற அன்னபெல் பொம்மை நிஜத்துல இப்படி இருக்காதுடா, சாதாரணத் துணிப்பொம்மை!" கைகள் தட்டுகின்றன. சித்தப்பாவின் சுருதி இரண்டு கட்டை ஏறியிருக்கிறது. ஒலியளவு எப்போதோ நாலுக்கு இறங்கிவிட்டது.

எல்லோரும் அவரைக் கேலி செய்கிறார்கள். நான் செய்வதில்லை. ஒரு படம் உண்மையில் பயமுறுத்துகிறதா என்று சொல்வதில் அவரை மிஞ்சிய விமர்சகர் கிடையாது. தகவல்தான் அவருடைய தாயத்து. பயம் எவ்வளவோ, தாயத்தும் அவ்வளவு. 'காஞ்சனா'வுக்கு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. ராகவா லாரன்ஸ் பயந்துபோய் இடுப்பில் தாவி ஏறியபோது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நடுவில் எழுந்து சமையலறைக்குப் போய் முறுக்கு எடுத்து வந்தார். தனியாக!

1973இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' என்றால் ஒரு சொற்பொழிவே நடக்கும். அந்தப் பெண் கக்குவது பட்டாணி சூப். பேய்க்குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற வேறொரு நடிகையுடையது. பாதிரியார் வாயிலிருந்து வரும் ஆவி நிஜமானது, படுக்கையறை செட்டையே உறையும் அளவுக்குக் குளிரூட்டி எடுத்தார்கள். அந்தக் கிழப் பாதிரியாராக நடித்த மேக்ஸ் வான் சிடோ அப்போது நாற்பதுகளில்தான் இருந்தார். எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் இவ்வளவையும் ஒரு மனிதர் எந்த ராத்திரியில், என்ன அவசரத்தில் தேடிப் படித்திருப்பார் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ரத்தமோ ஆபாசமோ பெரிதாக இல்லாத 'கான்ஜுரிங்'குக்கு அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் கொடுத்தார்கள். திகில் கொஞ்சம் தூக்கல் என்பதுதான் காரணம். 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். சித்தப்பா 50ஐத் தாண்டிவிட்டார். விதியை இன்னும் கறாராகக் கடைப்பிடிக்கிறார்.

ஒரே ஒரு படத்தில்தான் தாயத்து பலிக்கவில்லை: 2009இல் வந்த 'யாவரும் நலம்'. 'கான்ஜுரிங்'கில் வரும் ரோட் தீவுப் பண்ணைவீடும் அதன் நிலவறையும் எங்கோ இருக்கின்றன, பேய் அங்கேயே சௌக்கியமாக இருக்கட்டும். அடுக்குமாடி வீட்டில், பெண்கள் பார்க்கும் டி.வி. சீரியலுக்குள் பேய் வந்து உட்கார்ந்தால்? மாதவனுக்கு மட்டும் லிப்ட் வேலை செய்யாமல் நின்றபோது சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதிலிருந்து நாலாவது மாடிக்குப் படியேறித்தான் வருகிறார். மூட்டுக்கு நல்லதாம்.

சித்தி வேறு ரகம். பயப்படுகிறாளா இல்லையா என்ற கேள்வியே அவளிடம் எழாது. 'கான்ஜுரிங்' முழுவதையும் அவரைக்காய் நார் உரித்தபடியே பார்த்தவள் கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்: "அஞ்சு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு இன்னும் ஏன் அந்த வீட்டுலயே கெடக்குறாங்க?"

"கையில இருந்த காசையெல்லாம் வீட்டுல போட்டுட்டாங்களே" என்றார் சித்தப்பா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாமளா இருந்தா மறுநாளே காலி பண்ணிடுவோம், இல்ல?"

"எங்கேர்ந்து? லோன் இன்னும் ஏழு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் பேயோட அனுசரிச்சுத்தான் போகணும்."