இரண்டு பக்கெட் ஜல்லி

கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டுக் கராஜில் கார் நிற்பதில்லை. இரண்டு பக்கெட் ஜல்லி, மூன்று சல்லடை, ஒரு கடப்பாரை, செம்மண் காய்ந்து வெளுத்த பூட்ஸ் ஒரு ஜோடி, 'தொடாதீர்கள்' என்று நானே எழுதி ஒட்டிய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, இவைதான் அங்கே குடியிருக்கின்றன. கார் வெளியே வெயிலில் காய்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "எக்ஸ்டென்ஷன் ஏதாவது கட்டறீங்களா?" என்று கேட்பார்கள். "இல்லை, மரகதம் தேடுகிறேன்" என்பேன். ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். என் மனைவி அந்த இடைவெளியில் காபி கொண்டுவந்து விடுவாள்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வீடு வாங்கிய புதிதில் பின்பக்கம் நாலு தக்காளிச் செடி வைக்கலாம் என்று தோண்டினேன். ஓர் அடிக்குக் கீழே கடப்பாரை 'ணங்' என்றது. மெல்போர்னுக்கு வடக்கும் மேற்கும் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த பூமி. கீழே எல்லாம் பசால்ட் பாறை. ஊரார் புளூஸ்டோன் என்பார்கள். மெல்போர்னின் பழைய தேவாலயங்களும் சந்துகளின் தளவரிசையும் அந்தக் கல்தான். ஆளை வைத்து, காசு கொடுத்து, அந்தக் கல்லை அள்ளிப் போகச் சொன்னேன். அதற்குப் பின் நாலு வருஷமாக, பெட்ரோல் போட்டு, லீவு போட்டு, வெளியூரிலிருந்து கல்லைக் கொண்டுவந்து அதே வீட்டில் சேர்க்கிறேன். இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதக் கூடாது என்று வீட்டில் சட்டம். என் மனைவிக்குத் தாள் தேவையில்லை, மனக்கணக்கில் கெட்டிக்காரி.

ஆரம்பித்து வைத்தது காங்கயத்தில் ஒரு ஜோசியர். ஊருக்குப் போயிருந்தபோது ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, மிதுன ராசி, புதன் பலம் குறைவு, சுண்டுவிரலில் பச்சைக்கல் போடுங்க என்றார். நகைக்கடையில் விலை கேட்டேன். புதனுக்குப் பலம் குறைவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வெளியே வந்தேன். ஆனால் விமானத்தில் உட்கார்ந்து யோசித்தபோது வேறொன்று தோன்றியது. ஆஸ்திரேலியாவில் ஃபாசிக்கிங் என்று ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. பழைய சுரங்கக் குழிகளிலும் ஓடைகளிலும் கைக்கருவிகளோடு போய், கிடைத்ததைப் பொறுக்கிக்கொள்வது. கடையில் வாங்குவானேன், நாமே தோண்டிக்கொள்ளலாமே?

எங்கே தோண்டுவது? வரைபடத்தைத் திறந்தேன். மெல்போர்னுக்குக் கிழக்கே, டான்டினாங் மலையில், 'எமரால்டு' என்றே ஒரு ஊர்! இதைவிட வெளிப்படையாக எந்த ஊரும் தன்னைக் காட்டிக்கொடுக்க முடியாது. ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் எல்லோரும் ஏற்றிக் காட்டும் பஃபிங் பில்லி நீராவி ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. குடும்பத்தோடு ஏறினேன். பிள்ளைகள் ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மகிழ்ந்தார்கள். நான் மட்டும் பைக்குள் ஒரு சின்ன மண்வெட்டியோடு, ரகசியம் சுமக்கிறவனைப் போல உட்கார்ந்திருந்தேன். ஊருக்குள் ஒரு கடையில் சுற்றி வளைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்தப் பெயர் கல்லுடையது அல்ல, மனிதருடையது என்று. அந்தக் காலத்தில் தங்கம் தேடி வந்த ஜாக் எமரால்டு என்பவரின் பெயராம். முனுசாமிபுரத்தில் போய் முனிவரைத் தேடிய கதை.

அதே ரயில் பாதை கடைசியாகப் போய் முடிகிற ஊர் ஜெம்புரூக். அது உண்மையாகவே ஓடையில் கிடைத்த ரத்தினக் கற்களால் பெயர் பெற்றது. நான் எடுத்த டிக்கெட் அதற்கு முன்பே, லேக்சைடு நிலையத்தில் முடிந்துவிட்டது.

குயின்ஸ்லாந்திலும் ஓர் எமரால்டு உண்டு. அதைச் சுற்றி நீலக்கல் வயல்கள், சஃபையர், ரூபிவேல் என்று ஊர்ப் பெயர்கள். மரகதம் மட்டும் அங்கே இல்லை. இந்த முறை ஏமாறுவதற்கு முன்பே படித்துத் தெரிந்துகொண்டேன். என் நாலு வருஷத்துச் சாதனைகளில் இதுவும் ஒன்று.

அடுத்து முறைப்படி 'மைனர்ஸ் ரைட்' வாங்கினேன். விக்டோரியா மாநிலத்தில் தங்கமோ கல்லோ தேட அந்த அனுமதிச் சீட்டு வேண்டும். பத்து வருஷத்துக்குச் செல்லும். அதன் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. 1854இல் பல்லாரட்டில் தங்கம் தோண்டியவர்கள் அநியாய லைசென்ஸ் கட்டணத்தை எதிர்த்து யுரேகாவில் மரத்தடுப்பு கட்டிப் போராடினார்கள், உயிர்விட்டார்கள். அடுத்த ஆண்டே லைசென்ஸ் ஒழிந்து, வருஷத்துக்கு ஒரு பவுண்டு என்று மைனர்ஸ் ரைட் வந்தது. அந்தச் சீட்டைப் பர்சில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை என்று பிள்ளைகளுக்கு விளக்கினேன். "அப்பா, அது ஆன்லைன்ல வாங்கினதுதானே?" என்றான் சின்னவன். என் வீட்டில் வரலாற்றுணர்வு குறைவு.

கிரெய்கிபர்னிலிருந்து ஹியூம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால், பீச்வொர்த்துக்குப் பக்கத்தில் எல்டோராடோ என்ற சிற்றூர் வரும். ரீடி ஓடை அங்கே ஓடுகிறது. 1936 முதல் 1954 வரை அந்த ஓடைப்பள்ளத்தைத் தின்றுகொண்டே நகர்ந்த பிரம்மாண்டமான டிரெட்ஜர் ஒன்று இன்னும் தன் குளத்திலேயே துருப்பிடித்து மிதக்கிறது. தங்கமும் வெள்ளீயமும் எடுத்த எந்திரம். அந்த இரும்பு மாளிகையைப் பார்க்கிற எவனுக்கும், இவ்வளவு பெரிய வாய் மென்று துப்பிய சக்கையில் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

சல்லடையை நீரில் அலசும் வித்தையை வீடியோ பார்த்துக் கற்றிருந்தேன். ஜல்லியை அள்ளி, தண்ணீருக்குள் மேலும் கீழும் குலுக்கினால், கனமான கல் அடியில் நடுவே வந்து சேரும், லேசானது ஓரத்துக்குப் போகும். பிறகு தோசையைத் திருப்புகிற மாதிரி ஒரே கவிழ்ப்பு. நடுவில் இருப்பதை மட்டும் பார்த்தால் போதும். நானும் நாள் முழுக்கக் கவிழ்த்தேன். நடுவில் கறுப்பாகவும் பழுப்புச் சிவப்பாகவும் பொடிக்கற்கள் வந்தன. பச்சை இல்லை. எடுத்து எறிந்தேன். மறுபடி கவிழ்த்தேன். எறிந்தேன்.

மாலையில், சற்றுத் தள்ளி உட்கார்ந்து தன் பாட்டுக்குச் சலித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் எழுந்து வந்தார். என்ன தேடுகிறாய் என்றார். மரகதம் என்றேன். ஏன் நடுவில் பார்க்கிறாய் என்றார்.

பாடம் நடத்தினார். நீலக்கல் தண்ணீரைப் போல நாலு மடங்கு கனம். ஜிர்கான் அதைவிட அதிகம். அதனால் இரண்டும் நடுவுக்கு வரும். மரகதம் இரண்டே முக்கால் மடங்கு கூட இல்லை. சாதாரண வெண்கல், அதுதான் குவார்ட்ஸ், அதுவும் ஏறத்தாழ அதே கனம். இரண்டும் ஒன்றாகவே ஓரத்துக்கு ஒதுங்கும். அதாவது, ஒருவேளை ஓடையில் மரகதம் இருந்திருந்தால், அதை நான் பார்க்காமலேயே ஓரத்தோடு சேர்த்துக் கொட்டியிருப்பேன். போகட்டும், ஓடையில் அது இருக்கவும் இருக்காதாம். மரகதத்துக்கு உள்ளே விரிசல்கள் அதிகம். வெள்ளத்தில் உருண்டால் நொறுங்கிவிடும். பிறந்த வீட்டுப் பாறையை விட்டு அது அதிகம் நகராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நான் எறிந்த குவியலைக் கிளறினார். சிவப்பாக நாலைந்து பொடியை உள்ளங்கையில் எடுத்து வைத்து, "ஜிர்கான்" என்றார். மாலை வெயிலில் மாதுளை முத்து போல இருந்தது. பச்சையாக இல்லை என்பதற்காக நான் காலையிலிருந்து எறிந்துகொண்டிருந்தது அதைத்தான்.

வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போகிற வழியில் கரையோரம் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. விரல் நக அளவு, வழவழப்பு, உள்ளே ஒளி. பெரியவருக்குக் காட்டவில்லை, பங்கு கேட்டுவிடுவாரோ என்று பயம். வீட்டுக்குக் கொண்டுவந்து, குங்குமம் மடித்த தாளில் பொதிந்து, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன். இரண்டு வாரம் விபூதி, தீபாராதனை எல்லாம் அதற்கும் சேர்த்தே நடந்தது. பிறகு கல் மதிப்பிடும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து மூன்று நொடிகூடப் பார்க்கவில்லை. உள்ளே குமிழி இருக்கிறது, கண்ணாடி என்றார். பழைய சுரங்கக்காரர்கள் குடித்துப் போட்ட பாட்டிலின் சில்லு. ஓடை அதை உருட்டி உருட்டி மெருகேற்றியிருக்கிறது.

இந்த விஷயத்தில் நமக்குப் பழைய பெருமை உண்டு. ரோமானியர் பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதிய நூலில், பெரில் கற்கள் (மரகதமும் அந்தக் குடும்பம்தான்) இந்தியாவிலிருந்து வருகின்றன, வேறெங்கும் அரிது என்கிறார். அதோடு நிறுத்தாமல், இந்தியர்கள் படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் போலி பெரிலும் செய்கிறார்கள் என்று போட்டுக்கொடுக்கிறார். ரோமாபுரியையே ஏமாற்றிய பரம்பரையில் வந்தவன், ஒருவரும் ஏமாற்றாமலேயே தானாக ஏமாந்தேன்.

அந்த அவமானத்துக்குப் பின் சோதனை செய்துதான் நம்புவது என்று முடிவெடுத்தேன். மரகதத்தின் கடினம் ஏழரைக்கு மேல். கண்ணாடியின் கடினம் ஐந்தரை சொச்சம். நிஜக் கல்லானால் கண்ணாடியைக் கீறும். அடுத்து கிடைத்த வெளிர்பச்சைக் கல்லை எடுத்து, உணர்ச்சி வேகத்தில், கைக்கு எட்டிய கண்ணாடியில் இழுத்தேன். அருமையாகக் கீறியது. பிறகுதான், ஏழு கடினமுள்ள சாதா வெண்கல்லும் கண்ணாடியைக் கீறும் என்று படித்தேன். கீறல் இன்றும் எங்கள் காரின் பின்பக்கக் கதவுக் கண்ணாடியில் இருக்கிறது. மனைவி அதை 'உங்க மரகதம்' என்கிறாள்.

சரி, பிறந்த வீட்டுப் பாறைக்கே போய்விடுவோம் என்று கிளம்பியதுதான் எம்மாவில் பயணம். நியூ சவுத் வேல்ஸின் வட கோடியில், கிளென் இன்னஸ் ஊருக்கு மேலே இருக்கிறது எம்மாவில். எங்கள் வீட்டிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல். 1872இல் அங்கே வெள்ளீயம் கண்டுபிடித்தார்கள், கூட்டம் குவிந்தது. சீனர்கள் ஓடையோரம் காய்கறி போட்டதால் முதலில் ஊரின் பெயரே வெஜிடபிள் கிரீக். பிறகு கவர்னரின் மனைவி எம்மாவின் பெயரை வைத்தார்கள். 1890இல் வெள்ளீயத்துக்காக வெட்டிய இடத்தில் மரகதம் தலைகாட்டியது. ஆஸ்திரேலியாவில் முறையாக மரகதம் வெட்டிய சுரங்கங்களில் அது முந்தியது. புஷ்பராகம், புளோரைட், வெள்ளீயத் தாது இவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது அந்தப் பச்சை.

மரகதம் ஏன் அரிது என்பதை நான் கல்யாணப் பொருத்தமாகவே புரிந்துகொண்டிருக்கிறேன். மரகதத்துக்கு வேண்டிய பெரிலியம் கிரானைட் வீட்டுப் பிள்ளை. பச்சை நிறம் கொடுக்கும் குரோமியமோ வனேடியமோ வேறு குலத்துப் பாறை. இரு வீட்டாரும் சாதாரணமாக ஒரே தெருவில் நடக்க மாட்டார்கள். பூமிக்குள் கொதிநீர் தூது போய், எங்கோ ஓரிடத்தில் பத்துப் பொருத்தமும் கூடினால்தான் மரகதம். கூடாத இடத்தில் அதே பெரில் வெள்ளையாக, வெளிர்நீலமாக, பிரம்மச்சாரியாகக் கிடக்கும்.

இரண்டு நாள் வண்டியோட்டினேன். ஷெப்பர்டன், நாரண்டெரா, ஃபோர்ப்ஸ், டப்போ என்று ஊர்கள் வந்தன, போயின. கோதுமைக் காடு மட்டும் போகவேயில்லை. ஒரு பண்ணையின் கேட்டுக்கு முன்னால் இறங்கி, உரிமையாளரிடம் கம்பீரமாக என் மைனர்ஸ் ரைட்டை நீட்டினேன். அந்தம்மாள் அதை வாங்கி, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தார். "இது விக்டோரியாவுக்கு" என்றார். யுரேகா ரத்தம் மாநில எல்லையில் நின்றுவிட்டது. நியூ சவுத் வேல்ஸில் இந்தச் சீட்டு கேட்க மாட்டார்கள். நிலத்துக்காரரின் சம்மதம்தான் வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டுமாம். இப்போது கன்று ஈனும் காலம், ஆட்களை உள்ளே விடுவதில்லை என்றார். 1,300 கிலோமீட்டர் என்று சொல்லிப் பார்த்தேன். "நல்ல சாலைதான்" என்றார்.

ஊருக்குள் வந்து சுரங்க மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கற்களைப் பார்த்தேன். அன்றிரவு முகாமில் சரியாகத் தூக்கம் வரவில்லை. எம்மாவில் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று திரிவதாகப் பல காலமாகப் பேச்சு. ஊரார் அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் கடப்பாரையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். விடியும்போது கூடாரத்துக்கு வெளியே ஒரு வாலபி நின்று என் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. மறுநாள், அனுமதியுள்ள இடமாகப் பார்த்து, பழைய சுரங்கச் சக்கையை இரண்டு பக்கெட்டில் நிரப்பிக்கொண்டு திரும்பினேன். நிதானமாக வீட்டில் உட்கார்ந்து சலிக்கலாம் என்று. அவைதான் கராஜில் இருக்கும் பக்கெட்டுகள்.

போன மார்ச்சில் அம்மா விசிட்டர் விசாவில் வந்தார். கராஜைப் பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு?" என்றார். பெரில், மரகதம், ஒரே குடும்பம் என்று போனில் படம் காட்டி விளக்கினேன். வெளிர்நீலப் படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"ஏங்கண்ணு, இது நம்ம மேக்காட்டுல கெடக்கறதல்லோ? மழ பேஞ்சு விட்டா ஆட்டுக்காரப் பசங்க பொறுக்கிட்டுப் போவாங்களே."

அம்மா சொன்னது சரிதான். காங்கயத்துக்குப் பக்கத்துப் படியூர் அக்வாமரீனுக்கு, அதாவது நீலப் பெரிலுக்குப் பேர்போன இடம். கோயமுத்தூரில் கம்பெனி அதிகாரியாக இருந்த ஹீத் துரை 1819-20இல் அங்கே வெட்டி இரண்டாயிரத்துக்கு மேல் கல் எடுத்திருக்கிறார். நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மணிப் பட்டறைகளை அகழ்ந்திருக்கிறார்கள். பெரில் பட்டை தீட்டிய ஊர் அது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுவே என்பார்கள். பிளினி எழுதிய கல் எங்கள் பக்கத்திலிருந்து போயிருக்கலாம். நானும் பள்ளிக்கூட வயதில் அந்தக் காட்டில் மழைக்கு மறுநாள் பளபளவென்று கல் பொறுக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் உண்டிவில்லில் வைத்து ஓணான் மீது அடித்துத் தீர்த்தேன். ஓணான் மீது ஒன்றுகூடப் பட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை வேலையிலிருந்து வந்து கராஜைத் திறந்தால், ஒரு பக்கெட் காலி.

"அந்தக் கறிவேப்பிலச் செடி தண்ணி வடியாம நின்னு வேர் அழுகுது சாமி. தொட்டிக்கு அடியில போட்டுட்டேன். நல்ல ஜல்லி, தண்ணி சும்மா சல்லுனு எறங்குது."

செடி இதுவரை இல்லாத பச்சையில் துளிர்விட்டிருந்தது. அம்மா தூங்கப் போன பிறகு, தொட்டியை மெதுவாகச் சாய்த்து, வேரை நோகாமல் ஒதுக்கி, ஒவ்வொரு கல்லாக எடுத்து செல்போன் வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்தேன். ஓரத்தையும் விடவில்லை. பின்கதவு திறந்தது.

"என்ன கண்ணு தொலைச்ச?"

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா உள்ளே போய் டார்ச் எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.