கல் இல்லாத கரையில் ரொக் ஸ்லைடர்: பொருத்துவோருக்கு ஒரு கைந்நூல்

டபுள் கெப் வாங்கிவிட்டீர்கள். 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதி 2025இல் திறக்கும்வரை பொறுத்திருந்து வாங்கினீர்களோ, பதினைந்து வருடம் ஓடிய ஹைலக்ஸை வளவும் வீடும் சேர்ந்த விலைக்கு எடுத்தீர்களோ, நான் கேட்கப்போவதில்லை. முன்னால் லைட் பார் ஏறிவிட்டது. பின்னால் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. மிச்சம் ஒன்றுதான்: கதவுகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும், ஸ்லைடர். நமது கிழக்கிலங்கைக் கரையில் பலரும் தாங்களாகவே கண்டுபிடித்துச் செய்துவரும் முறையை ஒழுங்குபடுத்தித் தருவது மட்டுமே என் வேலை. ஒரு படியையும் தாண்டாதீர்கள்.

1. முதலில், கல் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்

இந்தச் சாமான் எதற்கு என்று ஒரு முறை தெரிந்துகொண்டு மறந்துவிடுங்கள். அமெரிக்காவின் மோவாப் போன்ற பாறைக்காட்டில் ஓட்டுபவருடைய முன் டயர் ஒரு பெருங்கல்லில் ஏறி இறங்கும்போது, வண்டியின் விலா அந்தக் கல்லின் மேல் குந்தும். அந்த நேரம் வண்டியின் பாரத்தைத் தன்மேல் வாங்கி, கதவின் கீழ்த் தகடு நசுங்காமல் கல்லின் மேல் வழுக்கிச் செல்வதுதான் ஸ்லைடர்.

இனி நம் இடத்தைப் பாருங்கள். பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்றுவரை கிழக்கே மணல், மேற்கே வயல், நடுவில் சமதரையாக ஏ4 வீதி. கல்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் ஒலுவில் துறைமுகத்துக்குப் போங்கள். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். அலைதடுப்புக்கென்று கொண்டுவந்து கொட்டிய கருங்கல் அங்கே குவியலாகக் கிடக்கிறது. துறைமுக வாயை மணல் அடைத்தது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, கல் மட்டும் வைத்த இடத்தில் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

உண்மையான பாறை பார்க்கப் பொத்துவிலைத் தாண்டிப் பாணமை, குடும்பிகல பக்கம் போக வேண்டும். அங்கும் குமண தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தால் போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. ஆக, ஆய்வு முடிந்தது. கல் இல்லை. வேலையைத் தொடங்கலாம்.

2. குழாயைக் கண்ணால் தெரிவு செய்யுங்கள்

கல்லில் ஓடுபவர்கள் ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய், மூன்று மில்லிமீற்றர் மொத்தம், அதைத் தாங்க ஆறு மில்லிமீற்றர் தகடு என்று கணக்குப் பார்ப்பார்கள். உங்களுக்கு வேண்டியது மினுக்கம். பல்கனிக் கைபிடிக்குப் போடும் ஸ்டெயின்லஸ் குழாயைக் கேளுங்கள். மெல்லியது, ஆனால் வெயிலில் சாய்ந்தமருதுச் சந்தியிலிருந்தே தெரியும். வெல்டிங்காரர், "காக்கா, இது பாரம் தாங்காதே" என்பார். "பாரம் ஏத்துறதுக்கா தம்பி இது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது. உங்களிடமும் இல்லை, அதைக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

மலிவாக முடிக்க விரும்புவோர் வீட்டுக் கூரையில் கிடக்கும் பழைய ஜிஐ தண்ணீர்க் குழாயைக் கொண்டு போகலாம். நாகம் பூசிய அந்தக் குழாயின் பூச்சைத் தேய்த்து எடுக்காமலே ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை எழும்பும். அன்று இரவு வெல்டிங்காரருக்குக் குளிரும் காய்ச்சலும் வரும். அவர் மனைவி மத்தியானம் தின்ற மீனைத்தான் ஏசுவா. உங்கள் பெயர் வெளியே வராது.

3. சேசியைத் தொடாதீர்கள்

மொத்தக் கலையும் இங்கேதான் இருக்கிறது. ஆறுதலாக வாசியுங்கள்.

டபுள் கெப்பின் பாரத்தைத் தாங்குவது அடியில் ஓடும் சேசி. அதன் மேல் பொடி இறப்பர் வைத்துக் குந்தியிருக்கிறது. ஸ்லைடரின் கை சேசியிலிருந்து வெளியே நீள வேண்டும், பொடியில் முட்டவே கூடாது என்பார்கள் தெரிந்தவர்கள். அவர்களுக்கு நிலத்தில் படுத்து அளவெடுக்க நேரம் இருக்கிறது. நீங்கள் நின்றபடி எட்டும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்: கதவின் கீழ்த் தகட்டில். அந்தத் தகட்டின் மொத்தம் ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான் வரும். தகட்டைக் காக்க வந்த குழாய் தகட்டையே பிடித்துத் தொங்கும். யார் யாரைக் காப்பது என்பதை அவை இரண்டும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

இன்னும் துணிந்தவருக்கு ஒரு வழி: சேசியிலும் ஒட்டுங்கள், பொடியிலும் ஒட்டுங்கள். வயல் வட்டைக்குள் வரம்பேறி இறங்கும்போது சேசி முறுகும். பொடி இறப்பரின் மேல் தன்பாட்டில் ஆடும். அதற்காகத்தான் இறப்பர். இரண்டையும் வெல்டிங்கால் முடிச்சுப் போட்டுவிட்டால் முறுகல் முழுக்கத் தகட்டுக்குப் போய்ச் சேரும். ஒட்டிய இடத்தின் ஓரமாக வெடிப்பு ஓடத் தொடங்கும். பின்கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்த வேண்டி வரும். வண்டிக்கு வயது போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

வெசல், வேகன் ஆர் வைத்திருப்பவர்கள் மனம் வருந்த வேண்டாம். அவற்றுக்குத் தனிச் சேசியே கிடையாது. ஆகவே இந்தப் படியில் உங்களை வெல்ல ஒருவராலும் ஏலாது.

4. பெட்டரி வயரைக் கழற்றாதீர்கள்

கழற்றினால் ரேடியோவில் பிடித்து வைத்த அலைவரிசைகள் அழிந்துவிடும். வெல்டிங் மின்சாரம் பாய்ந்து என்ஜின் கம்பியூட்டர் போனால் கொழும்பில் வாங்கலாம். பிரேக் குழாய் சேசியின் ஓரமாகத்தான் ஓடுகிறது. குனிந்து பார்க்காதீர்கள், பார்த்தால் பயம் வரும்.

5. முடிந்தவரை வெளியே நீட்டுங்கள்

கண்ணாடியை மடக்கலாம், ஸ்லைடரை மடக்க முடியாது. இதை மனதில் வைத்துப் பக்கத்துக்கு நான்கு அங்குலமாவது கூட்டுங்கள்.

நம் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நான்கு மகள்மாரைப் பெற்ற வாப்பா ஒரே வளவில் நான்கு வீடு கட்டுகிறார். கடைசி மகளின் வீட்டுக்குப் போகும் வழி, முதல் மூன்று வீட்டு மதில்களும் கட்டி மிஞ்சிய இடைவெளிதான். சைக்கிளில் வந்த மூத்த மருமகனை நினைத்து விட்ட வழி அது. இரண்டாம் மருமகனின் மோட்டார் சைக்கிளும் மூன்றாமவரின் ஆட்டோவும் அதற்குள் போய்வந்தன. நீங்கள் நான்காவது மருமகன். ஆறடி அகல வண்டி உங்களுடையது. இரண்டு பக்கமும் ஸ்லைடர் வேறு.

மதிலில் நீளமாக ஒரு கோடு விழும். அடுத்த நாள் இன்னொரு கோடு, சற்று மேலே. மூத்த மச்சான் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் மனைவி உங்கள் மனைவியிடம் சொல்வா. மாமா தஸ்பீஹை உருட்டிக்கொண்டு கேட்டைப் பார்ப்பார். கேட் தூண் சாய்ந்த அன்று, "ஸ்லைடருக்கு ஒரு கீறலும் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். பொய்யில்லை. உங்கள் ஸ்லைடர் வாழ்நாளில் தாங்கிய ஒரே பாரம் அதுதான்.

6. உம்மாவை ஏற்றாதீர்கள்

வண்டியோடு வந்த கால்படி தட்டையாக, சொரசொரப்பாக, கால் வைக்கத் தோதாக இருந்தது. அதை முதல் நாளே கழற்றிக் கொடுத்திருப்பீர்கள். இப்போது அந்த இடத்தில் உருண்டைக் குழாய், அதற்கு மேல் பொலிஷ். ஹபாயாவும் செருப்புமாக உம்மா வாசலில் நிற்பா. ஒரு கால் வைப்பா, வழுக்கும். "மகன், இதில எப்பிடி ஏறுற? ஒரு கதிரை கொண்டு வா" என்பா. பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் பின்னால் நிரந்தரமாகப் போட்டு வையுங்கள். வலீமா வீட்டு வாசலில் அத்தனை பேர் முன்னால் அதை எடுத்து வைக்கும்போதும் சிரித்த முகமாக இருங்கள்.

7. கடலுக்குக் கொண்டு போங்கள்

கல் இல்லாவிட்டாலும் மணல் இருக்கிறது. அஸருக்குப் பிறகு கடற்கரைக்கு இறக்குங்கள். டயரில் காற்றைக் குறைக்காதீர்கள். பதினைந்து, பதினெட்டு பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் அகன்று மணலில் மிதக்கும் என்பது அனுபவக்காரர் சொல். காற்றை இறக்கினால் திரும்ப அடிக்க வேண்டுமே? வீதியில் ஓடிய அதே காற்றோடு, ஸ்லைடர் கூட்டிய பாரத்தோடு, தோணிகளுக்கு நடுவில் ஒரு வட்டம் அடியுங்கள். அரை வட்டத்தில் பின் டயர் புதையும். அக்ஸிலேட்டரை மிதியுங்கள். புதைந்து புதைந்து ஸ்லைடரே மணலில் குந்தும்வரை மிதியுங்கள்.

தோணி இழுக்கும் உழவு இயந்திரத்துக்காரர் வருவார். தேய்ந்த டயர், ஒரு பக்க லைட் இல்லை, சாரனை மடித்துக் கட்டியிருப்பார். கயிறு போட ஒரு இடம் தேடி உங்கள் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு ஒன்றும் பேசாமல் கயிற்றை வேறு இடத்தில் போடுவார். அவருக்கு மட்டும் நீங்கள் ஏன் ஸ்லைடர் போட்டீர்கள் என்பதை விளக்க முயலாதீர்கள்.

வீட்டுக்கு வந்து உப்பைக் கழுவ வேண்டாம். குழாயின் முனைகளை மூடி, தண்ணீர் வடிய ஓட்டை போடாமல் விட்டிருந்தால் இன்னும் நல்லது. ஜிஐ குழாய் போட்டவருக்கு வெளியே பெயின்ட் கறுப்பாக மின்னும், உள்ளே கறல் தன் வேலையைச் சத்தமில்லாமல் பார்க்கும்.

8. தாம்போதி

இந்தப் படியில் எனக்குப் பகிடி வரவில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. தாம்போதியில் வீதிக்கு மேல் தண்ணீர் ஓடினால் வண்டியைத் திருப்புங்கள். குழாய், லைட் பார், உயரமான டயர் ஒன்றும் தண்ணீரோடு பேசாது. அடுத்த படிக்குப் போவோம்.

9. பொலிசுக்கு ஒரு பதில் ஆயத்தமாக வையுங்கள்

2025 ஜனவரியில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டிய சோடனைகளைப் பொலிசார் கழற்ற வைத்தபோது, டபுள் கெப் வைத்திருந்தவர்கள் ஓரமாக நின்று சிரித்தார்கள். சிரித்தது போதும். வீதியில் மறித்தால், "சேர், இது கால்படி" என்று சொல்லுங்கள். காப்புறுதிக் கம்பனியிடம் எதுவுமே பூட்டவில்லை என்று சொல்லுங்கள். கூட்டாளிமாரிடம் மட்டும் உண்மைப் பெயர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

10. ஜும்ஆ முடியும் நேரம் பள்ளிவாசல் எதிரில் நிறுத்துங்கள்

உள்ளபடி சொன்னால், எல்லாம் இதற்காகத்தான். இந்த ஆசை நமக்கு எப்போது வந்தது என்று யோசித்திருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு நிவாரண நிறுவனங்களின் வெள்ளை டபுள் கெப்கள் இந்த வீதி நிறைய ஓடின. இறங்கியவர்கள் கையில் பைலோடு இறங்கினார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம். பிறகு அரசியல்வாதிகளின் டிஃபென்டர்கள் வந்தன. அப்போதும் எழுந்து நின்றோம். எனக்குத் தெரிந்து அந்த வெள்ளை வண்டிகளில் ஸ்லைடர் இருந்ததில்லை. சேறு இருந்தது. சேற்றைப் பூசிக்கொள்ள வட்டைக்குள் போக வேண்டும், குழாயை வெல்டிங் கடையில் பூட்டலாம்.

ஆகவே ஸ்லைடர் பக்கம் வீதியைப் பார்க்க நிறுத்துங்கள். கதவைத் திறந்து வைத்து, குழாயில் ஒரு காலை ஊன்றி, போன் பேசுங்கள். பாரம் முழுவதையும் அந்தக் காலில் போடாதீர்கள், மூன்றாம் படி நினைவிருக்கட்டும்.

11. விற்கும்போது

விளம்பரத்தில் "ரொக் ஸ்லைடர் பூட்டியது, கல்லில் ஓடாதது" என்று போட்டு விலையைக் கூட்டுங்கள். வாங்க வருபவர் கதவைத் திறப்பார், சாத்துவார், இரண்டாம் தரமும் அடித்துச் சாத்துவார். குனிந்து வெடிப்பைப் பார்ப்பார். விலையைக் குறைத்து, குழாயையும் வெட்டி எடுத்துத் தரச் சொல்வார். கிரைண்டரால் வெட்டிக் கொடுங்கள். வெட்டிய குழாய்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், மாமாவின் கேட்டுக்கு இரண்டு தூண் வேண்டும்.