படியளந்த உடம்பு

கீழத்தஞ்சையில் என் சிறுவயதில், எதிரே வருபவர் பண்ணையாரா பண்ணையாளா என்று தெரிந்துகொள்ள முகம் பார்க்க வேண்டியதில்லை. தூரத்தில் வரப்பில் வரும் உருவமே சொல்லிவிடும். எங்கள் ஊர் மிராசுதாருக்கு முன்தள்ளிய வயிறு, மடிப்பு விழுந்த கழுத்து, எண்ணெய் மினுங்கும் கன்னம். என் அப்பாவுக்கு விலா எலும்பை எண்ணிவிடலாம். பண்ணை வீட்டுப் பையனும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அவன் காதளவுக்குத்தான் நான் இருந்தேன். “அது அவங்க வம்ச வாகுடா” என்பாள் அம்மா. ஊரே அப்படித்தான் நம்பியது.

அது வம்சமல்ல, கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் நெல் அளப்பார்கள். நடவு முடிந்து தை அறுப்பு வரும்வரை வேலை இராது. நொய்க்கஞ்சியும் வயல் நண்டும் நத்தையும்தான் சாப்பாடு. பிள்ளைகள் வளர வேண்டிய வயதில், ஆண்டுதோறும் சில மாதம் வளர்ச்சி அப்படியே நின்றுபோகும். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் பகையில்தான், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்த அரைப்படி, பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு.

ஏழையின் உடம்புக்கு இவ்வளவு போதும் என்று மேலே இருப்பவர்கள் கணக்குப் போடுவது புதிதல்ல. 1877இல், மதராஸ் மாகாணப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசுமாகக் குறைக்க வைத்தார் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். மண் சுமக்கும் உடம்பு இதில் பிழைக்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் சேரிகளிலிருந்து மரைன் சொசைட்டி என்ற அமைப்பு கப்பல் வேலைக்குச் சேர்த்த 14 வயதுப் பையன்கள், சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவப் பள்ளியில் படித்த சீமான் வீட்டுப் பையன்களைவிடச் சுமார் அரையடி குள்ளம். இரு சாராரும் ஒரே நாடு, ஒரே மொழி. சாப்பாடும் இருப்பிடமும்தான் வேறு.

1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளியில் தினமும் சூடாகச் சாப்பிட்டார்கள். பின்னால் முட்டையும் சேர்ந்தது. இன்று எங்கள் தெருவில் அப்பன்களைவிட வளர்ந்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

ஆனால் உருவங்கள் இடம் மாறிவிட்டன. மிராசுதாரின் பேரன் சென்னையில் காலையில் ஓடுகிறான். கம்பும் கேழ்வரகும் அளந்து சாப்பிடுகிறான். ஒட்டிய வயிறோடு இருக்கிறான். ஒரு காலத்தில் விலா எலும்பு தெரிந்த என் தங்கை, ரேஷன் அரிசிச் சோறும் பாமாயிலுமாக உடம்பு பெருத்து, சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறாள். “வாயைக் கட்டும்மா” என்று அவளை அதட்டுகிறார் ஒரு மருத்துவர்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40 சதவீதம் பேருக்கு அதிக எடை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இரண்டும் ஒரே ஊரின், சில சமயம் ஒரே வீட்டின் கணக்கு. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் ஆராய்ந்த குழந்தைகள் பிறக்கும்போது சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், புனேக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. கருவில் பட்ட பஞ்சத்தோடு வளரும் உடம்புக்குப் பின்னாளில் வெறும் மாவுச்சத்தே கிடைத்தால் சர்க்கரை நோய் எளிதில் வருகிறது.

அன்று எங்கள் ஒல்லி உடம்பை வம்ச வாகு என்றார்கள். இன்று பருமனைக் கட்டுப்பாடின்மை என்கிறார்கள். இரண்டும் அநியாயம். என் தங்கைக்கு வேண்டியது அறிவுரையல்ல. பருப்பும் முட்டையும் காயும் அன்றாடம் வாங்கக் கட்டுபடியாகும் கூலி.