டாம் பலகையில் சட்டம் போடுபவர்

டாம் ஆட்டத்துக்குப் புதுச் சட்டம் போடுபவர் ஊவாவில் ஹாலிஎலயைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் லயத்துக்கு ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. பிறர் கணக்கைத் திருத்தியே பழகிய கை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லாததால் சட்டமியற்ற நேரம் தாராளம்.

ஆட்டத்தின் மூலச் சட்டம் எளியது. பலகையில் 64 கட்டம், ஆளுக்கு 12 காய். ஒருவருக்கு நிமிர்ந்த சோடா மூடி, மற்றவருக்குக் கவிழ்ந்த சோடா மூடி. காய் மூலைவாட்டில் முன்னே நகரும். வெட்ட வழியிருந்தால் வெட்டியே ஆகவேண்டும். எதிர்க் கரையை எட்டிய காய் ராஜா. அது பின்னாலும் வரலாம். வெட்டத் தவறிய காயை எதிராளி எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய ஆங்கிலேய முறையில் ஒரு தண்டனை உண்டு. போட்டி ஆட்டங்களில் அது வழக்கொழிந்துவிட்டது. சட்டம் போடுபவர் அதை இன்னும் காப்பாற்றி வருகிறார், எதிராளி தவறும்போது மட்டும்.

இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமநிலையில்தான் முடியும் என்று கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் கணினியைக் கொண்டு நிறுவினார்கள். சட்டம் போடுபவர் கணினி இல்லாமலே இதே முடிவுக்கு வந்தவர். "ஆட்டம் சப்புன்னு போகுது, தம்பி" என்பதே புதுச் சட்டத்துக்கு அவர் சொல்லும் முகவுரை. அவர் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டம் ஒருநாளும் சப்பென்று போனதில்லை.

சட்டங்களில் தலையாயது கவ்வாத்து. எதிராளியிடம் எட்டுக் காயும் இவரிடம் மூன்றும் மிஞ்சியிருக்கும் கட்டத்தில் இது அமுலுக்கு வரும். செழித்த செடியை வெட்டிவிட்டால்தான் நன்றாகத் துளிர்க்கும். ஆகவே எதிராளி இரண்டு காயைத் தானே எடுத்து வைக்கவேண்டும். கவ்வாத்து வெட்டிய மலை சில மாதம் கொழுந்து தராது. ஆகவே எதிராளி நான்கு முறை நகர்த்தாமலும் இருக்கவேண்டும். அந்த நான்கு முறையும் இவர் நகர்த்துவார். மலை சும்மா கிடக்கக் கூடாதே.

நாளுக்குரிய கொழுந்து அளவான நோம் நிறையாதவருக்கு அரை நாள் சம்பளம் போடுவது அரைப்பேர். அந்தப் பேரில் உள்ள சட்டம் ராஜாக்களுக்கானது. ஐந்து நகர்வுக்குள் ஒன்றையும் வெட்டாத ராஜாவுக்கு நோம் நிறையவில்லை என்று பொருள். அது பழையபடி முன்னே மட்டும் போகலாம். மழைச் சட்டப்படி, தகரக் கூரையில் மழை விழும் நேரம் வெட்டுவது கட்டாயமல்ல. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசி, தேயிலைக்கு மணம் ஏறும் பருவத்தில் இதற்கு வேலையில்லை. அப்போது காற்றுச் சட்டம்: பறந்த மூடி விழுந்த கட்டத்திலேயே இருக்கவேண்டும். கவிழ்ந்து விழுந்தால் கட்சி மாறியதாகக் கொள்ளப்படும்.

எந்தச் சட்டமும் அன்று பிறந்ததாக ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. "போன கிழமையே சொன்னேன்ல? நீ அன்னைக்கு எங்க இருந்த?" போன கிழமை பதுளைக்குச் சந்தைக்குப் போயிருந்தவனுக்கு இதற்குப் பதில் கிடையாது. போகாதவனுக்கும் கிடையாது. ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாமே என்றால் எழுதச் சம்மதிப்பார். அதில் அவரே எழுதும் முதல் வரி, வாயால் சொன்ன சட்டமே பெரியது என்பதாக இருக்கும்.

இதில் சிரிக்க முடியாத பகுதி பிள்ளைகளுடையது. அவரிடம் டாம் கற்ற பிள்ளை வெளியூர்ப் பிள்ளையோடு ஆட உட்கார்ந்து, மழை பெய்வதால் வெட்டமாட்டேன் என்கிறது. பொய்யாட்டம் ஆடுகிறது என்ற பேர் பிள்ளைக்கு. சட்டம் போட்டவர் அந்த இடத்தில் இருப்பதில்லை. பெரியவர்கள் தங்களுக்குள் எப்படியும் ஆடிக்கொள்ளலாம். கற்றுக்கொடுக்கும்போதாவது எது ஆட்டத்தின் சட்டம், எது தன் சட்டம் என்று பிரித்துச் சொல்லவேண்டும்.

இதற்குப் பலன் தந்த பரிகாரம் ஒன்றே: அவரை நடுவராக்குவது. தோற்க ஏதுமில்லாத இடத்தில் அமர்ந்ததும் மூலச் சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவிடமாட்டார், கவ்வாத்து என்று யாராவது வாய் திறந்தால் "அது என்ன சட்டம்?" என்று அதட்டுவார். பிழையே இல்லாத அந்த ஆட்டங்களைப் பார்க்க ஆள் சேர்வதில்லை. இரண்டு கிழமைக்குள் லயத்துக்காரர்களே, "ஐயா, ஒரு கை போடுங்க" என்று அவருக்குப் பலகையைத் தள்ளிவைக்கிறார்கள்.