காந்தளூர்ச்சாலையில் கலங்கிய அப்பா

திருவனந்தபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பெருமை உண்டு, கேளுங்கோ. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் காந்தளூர்ச்சாலை என்று பெரிய கல்விச்சாலை இருந்ததே, அது இந்த வலியசாலைதான் என்று மகாதேவர் கோயில் வாசலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ராஜராஜ சோழன் இங்கே 'கலம்' அறுத்ததாகக் கல்வெட்டு. கலம் என்றால் கப்பலா, சோற்றுக் கலமா, வழக்கா என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அப்பேர்ப்பட்ட மண்ணில் குடியிருக்கிற எனக்கு, பெண்ணை எந்தக் காலேஜில் பி.ஏ. சேர்ப்பது என்று பதினைந்து நாளாகப் பிடிபடவில்லை.

போட்டி இரண்டுக்குத்தான். பாளையத்தில் யூனிவர்சிட்டி காலேஜ், வழுதக்காட்டில் விமன்ஸ் காலேஜ். ஒரு நோட்டு வாங்கி, நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இரண்டும் சர்க்கார் காலேஜ். இரண்டும் கேரள யூனிவர்சிட்டிக்குக் கீழே. 2024-இல் வந்த நாலு வருஷப் படிப்பு இரண்டிலும் உண்டு. மூணு வருஷம் போதுமென்றால் இரண்டிலும் நடுவில் இறங்கிக்கொள்ளலாம். சரித்திரமாவது கைகொடுக்குமா என்று பார்த்தேன். பாளையத்தில் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: ஒரு மார்க். வழுதக்காட்டுக் காலேஜ் 1864-இல் பெண்கள் பள்ளிக்கூடமாக ஆரம்பித்து 1897-இல் காலேஜாகியிருக்கிறது: ஒரு மார்க். இம்பொசிஷன் எழுதிய மாதிரி கை வலித்ததுதான் மிச்சம்.

"சாலைக் கடைத்தெருவில் ரெண்டு கட்டுக் கீரைக்கு நடுவில் அரை மணி நின்னு யோசிக்கிற மனுஷனுக்கு நோட்டு என்ன பண்ணும்?" என்றாள் மனைவி.

சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று வழுதக்காட்டுக்கு ஸ்கூட்டரை விட்டேன். எதிர்ப் பக்கம் மரத்தடியில் நின்று, வருகிற பஸ்ஸையெல்லாம் எண்ணிக் குறித்துக்கொண்டேன். மூணு நாள். மூணாம் நாள் லாட்டரி விற்கிறவர் பக்கத்தில் வந்து, மேலும் கீழும் பார்த்து, "ஆரைக் காத்து நிக்கணு, சேட்டா?" என்றார். ஐம்பத்திரண்டு வயசில், பெண்கள் காலேஜுக்கு எதிரே, கையில் நோட்டோடு நிற்கிறவன் என்ன பதில் சொல்ல முடியும்? "லாட்டரி வாங்கத்தான்" என்றேன். இரண்டு சீட்டு நீட்டினார். எது என்று தெரியாமல் இரண்டையும் வாங்கினேன். இரண்டும் விழவில்லை.

அன்று ராத்திரி மறுபடி நோட்டைப் பிரித்தபோது ஒரு ஆறுதல் தோன்றியது. 866-இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இப்போது கன்னியாகுமரி ஜில்லாவில் இருக்கிற பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூரை மாதிரியாக வைத்து இன்னொரு சாலை ஏற்படுத்தினான். 95 மாணவர்கள். சபைக்கு ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்றெல்லாம் செப்பேட்டில் விதி இருக்கிறது. ஆக, ஒரே மாதிரி இரண்டு காலேஜ் என்கிற உபத்திரவம் அப்போதே வந்தாச்சு. எவனோ ஒரு அப்பன் பனையோலையின் நடுவில் கோடு கிழித்துக்கொண்டு இதே தெருவில் உட்கார்ந்திருப்பான். அவன் பெண்டாட்டியும் கீரைக்கட்டைப் பற்றிப் பேசியிருப்பாள்.

"அப்பா, உங்க போனில் ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கோ" என்று உள்ளேயிருந்து பெண் குரல் கொடுத்தாள். கணக்கு நடுவில் தொந்தரவு! ஆறு இலக்கத்தையும் வாசித்துவிட்டுப் பனையோலைக்கே திரும்பினேன்.

மறுநாள் காலையில், "நாளைக்குக் கடைசித் தேதி. பாளையத்தையும் ஒரு நடை பார்த்துட்டு வந்து முடிவு சொல்றேன்" என்று நோட்டும் கையுமாகக் கிளம்பினேன்.

"ஆப்ஷன் கொடுத்தாச்சு அப்பா" என்றாள் பெண். "நேத்திக்கு நம்பர் சொன்னேளே, அதுக்குத்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. பொறுப்பு கழன்றதில் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனாலும் தகப்பன் இல்லையா, கேட்டு வைத்தேன்.

"எதை முதலில் போட்டே?"

"நீங்க இன்னும் போய் நிக்காத காலேஜை."